நாராவைத் தாங்கிய கைகள்



ஜப்பானில் நாரா என்றொரு நகரம். 710 முதல் 784 வரை அந்த நாட்டின் தலைநகரம். இன்று மாலை அந்த நகரத்தின் வழியே, காலையிலிருந்து பொழுது சாயும்வரை, உங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கப்போகிறேன். கோயில் எத்தனை, சிலை எத்தனை என்று கணக்கு ஒப்பிக்கும் எண்ணம் எனக்கில்லை. அது கைப்பேசியிலேயே கிடைக்கும். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. மரத்தால் எழும்பிய நகரம் அது. தீயைக் கண்டது, போரைக் கண்டது, நிலநடுக்கத்தைக் கண்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் நம் கண்ணெதிரே நிற்கிறது. நிற்க வைத்தது யார்? பேரரசர்களா? படைத்தலைவர்களா? தெய்வமா? அது யாருடைய கை?

இந்தக் கேள்வியோடு வாருங்கள், ரயில் ஏறுவோம்.

கியோத்தோவிலிருந்து கிந்தெட்சு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நாரா. வண்டி யமாதோ சைதாய்ஜி நிலையத்தைத் தாண்டியதும் வீடுகள் சட்டென்று விலகிவிடும். புல்வெளி, நாணல், வெட்டவெளி. வலப்பக்கம் செந்நிறத் தூண்களோடு ஒரு பெரிய வாசல். இடப்பக்கம் தூரத்தில் ஓர் அரச மண்டபம். ரயில் இப்போது எதன் நடுவே போகிறது தெரியுமா? பழைய அரண்மனையின் நடுவே! ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடம் அது. அந்த வாசல் 1998-லும், மண்டபம் 2010-லும் மறுபடி கட்டப்பட்டவை. தலைநகரம் இடம் மாறியதும் அரண்மனை மறைந்தது, அந்த இடம் வயலானது. நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கே நெல் விளைந்தது. அடியில் ஓர் அரசு புதைந்து கிடப்பதை ஊரே மறந்தது.

அதை நினைவுபடுத்தியது யார்? அமைச்சரா? இல்லை. நாராவில் செடி, மரக்கன்று விற்றுப் பிழைத்த ஒரு தோட்டக்காரர். பெயர் தானாதா கஜூரோ. வெளியூர்க்காரர்கள் அவரிடம் வந்து பழைய அரண்மனை எங்கே என்று கேட்பார்களாம். காட்டுவதற்கு எதுவும் இல்லை. அந்தக் கேள்வி அவரை உறங்கவிடவில்லை. சொந்தப் பணத்தைச் செலவிட்டார், பெரிய மனிதர்களின் வாசலில் காத்துக் கிடந்தார், நன்கொடை கேட்டு அலைந்தார். 1921-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, 1922-இல், அந்த நிலம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை.

1961-இல் அதே மண்ணைத் தோண்டியபோது எழுத்துள்ள மரத்துண்டுகள் கிடைத்தன. அதன்பின் ஆயிரம் ஆயிரமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. என்ன எழுதியிருக்கிறது? இந்த ஊரிலிருந்து இவ்வளவு உப்பு, அந்தக் கடற்கரையிலிருந்து இவ்வளவு கடற்பாசி, வரியாக வந்தது என்று. மூட்டையோடு கட்டி அனுப்பிய சீட்டுகள் அவை. எழுதிப் பழகிய கிறுக்கல்களும் உண்டு. மேற்பரப்பைச் சீவிவிட்டு அதே மரத்தில் மறுபடி எழுதியிருக்கிறார்கள். அரசாணைகளைவிட இந்தச் சீட்டுகளே எனக்கு நெருக்கமானவை. உப்பு மூட்டை சுமந்து வந்தவன் இதில்தான் இருக்கிறான்.

நாரா நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் முதலில் எதிர்கொள்பவை மான்கள். வேலி கிடையாது, கயிறு கிடையாது. சாலையைக் கடக்கும், கடை வாசலில் நிற்கும், உங்கள் பையை முகர்ந்து பார்க்கும். அங்குள்ள காசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மானின் மேல் ஏறி வந்தது என்பது ஊர் நம்பிக்கை. தவிட்டிலும் மாவிலும் செய்த வட்டமான பிஸ்கட்டை விற்பார்கள். ஒரு கட்டு வாங்கிக் கையில் பிடித்தால் மான் தலையைத் தாழ்த்தி ஆட்டும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். நமக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். 1945-இல், போர் முடிந்தபோது, அங்கே எஞ்சியிருந்த மான்கள் 79. ஊர் பசியில் கிடந்த காலம் அது. இன்று ஆயிரத்து இருநூறுக்கும் மேல். தானாகப் பெருகினவா? 1957-இல் தேசிய இயற்கைச் செல்வம் என்று சட்டத்தின் காவல் கிடைத்தது. அடிபட்ட மானைத் தூக்கிவந்து வைத்தியம் பார்ப்பதற்கும், சினை மானைத் தனியே வைத்துக் காப்பதற்கும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. நாம் கொடுக்கும் பிஸ்கட் காசில் ஒரு பங்கு அங்கே போகிறது. அந்த மான் நமக்குத் தலை ஆட்டுவதற்குப் பின்னால் யாரோ ராத்திரி கண்விழித்திருக்கிறார்கள்.

அடுத்தது கோஃபுகுஜி கோயில். அங்கே ஒரே ஒரு சிலையின் முன் மட்டும் நிற்போம். 734-இல் செய்த அசுரன். மூன்று முகம், ஆறு கை. நம் ஊர்க் கதைகளில் அசுரன் என்றால் மீசையும் கோரைப்பல்லும் உண்டல்லவா? இந்த அசுரன் மெலிந்த பிள்ளை. புருவம் லேசாக நெரிந்திருக்கிறது, ஏதோ தவறு செய்துவிட்டு வருந்தும் முகம். களிமண் உருவத்தின் மேல் அரக்குப் பிசினில் தோய்த்த துணியைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, காய்ந்தபின் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடும் வேலைப்பாடு. உள்ளே வெற்றிடம். ஆள் உயரச் சிலை, எடை ஏறத்தாழ 15 கிலோதான். கோஃபுகுஜி எத்தனையோ முறை எரிந்திருக்கிறது. 1180-இல் தாய்ரா குலத்தின் படை வைத்த தீயில் கோயிலே சாம்பலானது. அசுரன் எப்படிப் பிழைத்தான்? தூக்கிக்கொண்டு ஓடலாம், அதனால் பிழைத்தான். புகைக்குள் புகுந்து ஆறு கை கொண்ட அந்தப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்த துறவியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அது யாருடைய கை?

நண்பர்களே, இனி நாம் தோடாய்ஜி கோயிலுக்குப் போகிறோம். இந்த உரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பெரிய தெற்கு வாசலில் இருபுறமும் மரத்தால் ஆன இரண்டு காவல் வீரர்கள். எட்டு மீட்டருக்கு மேல் உயரம். 1203-இல் உன்கெய், காய்கெய் என்னும் சிற்பிகளும் அவர்கள் பட்டறை ஆட்களும் சேர்ந்து 69 நாளில் செய்து முடித்தவை. அவர்களைத் தாண்டி உள்ளே போனால் வெண்கலப் புத்தர், வைரோசனர். அமர்ந்த நிலையில் ஏறத்தாழ 15 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனாலும் பார்வையை எடுக்க மனம் வராது.

இவரை எழுப்ப நினைத்தவர் பேரரசர் ஷோமு. அவர் காலத்தில் பெரியம்மை வந்து நாட்டைச் சூறையாடியது. பஞ்சம், கலகம். 743-இல் ஆணை பிறப்பித்தார். நாட்டின் செல்வம் என்னிடம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது, அவற்றைக் கொண்டு இந்தச் சிலையைச் செய்துவிடலாம், ஆனால் அதில் மனம் சேராது என்ற பொருள்பட அதில் சொன்னார். ஒரு புல்லிதழும் ஒரு பிடி மண்ணும் கொண்டுவந்து உதவ நினைப்பவனைக்கூடத் தடுக்காதீர்கள் என்றார். பேரரசர் சொன்னால் போதுமா? மக்கள் வரவேண்டாமா? மக்களை அழைத்து வரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார், கியோகி என்னும் துறவி. பாலம் கட்டியவர், குளம் வெட்டியவர், ஏழைகளோடு தெருவில் நின்று உபதேசித்தவர். தெருவில் கூட்டம் சேர்க்கிறார் என்று முன்பு இதே அரசு அவரை அடக்கப் பார்த்தது. அதே அரசு இப்போது அவர் கையை நாடியது. அவர் ஊர் ஊராகப் போனார். செம்பு வந்தது, விறகு வந்தது, அரிசி வந்தது, ஆட்கள் வந்தார்கள். பூசுவதற்குப் பொன் போதாமல் தவித்தபோது, 749-இல் வடக்கே முத்சு நாட்டில் பொன் கிடைத்தது. அந்த ஆண்டே கியோகி இறந்தார்.

752. சிலைக்குக் கண் திறக்கும் விழா. தூரிகையால் விழியை வரைந்தால்தான் வெண்கலம் புத்தராகும். தூரிகையைப் பிடித்தவர் யார்?

அன்பர்களே, அவர் தென்னிந்தியர்! போதிசேனர் என்னும் துறவி. 704-இல் பிறந்து, சீனத்துக்குப் போய், அங்கே ஜப்பானியத் தூதர்கள் அழைக்க, 736-இல் கடல் கடந்து ஜப்பான் வந்தவர். அவருடன் சம்பா நாட்டைச் சேர்ந்த ஒரு துறவியும் சீனத் துறவி ஒருவரும் வந்தார்கள். நானிவா துறையில் அவரை எதிர்கொண்டு வரவேற்றவர் அதே கியோகி. நாராவின் தாய்ஆன்ஜி கோயிலில் தங்கினார். 760-இல் அந்த மண்ணிலேயே மறைந்தார். அவர் மாணவர் எழுதிய நினைவுரை அவரைத் தென்னிந்தியத் துறவித் தலைவர் என்று குறிப்பிடுகிறது. அவருடைய ஊர் இதுதான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. தெற்கிலிருந்து ஒரு கை அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே நாம் மகிழப் போதுமானது.

அந்தத் தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். உடல் நலமில்லாத ஷோமு, பேரரசி, கூடியிருந்தோர் எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். போதிசேனர் விழி வரைந்தபோது கயிறு அசைந்தது. பிடித்திருந்த ஒவ்வொருவர் கைக்கும் அந்த அசைவு போயிற்று. எல்லோரும் சேர்ந்தே கண் திறந்தார்கள். நம் ஊரில் தேர்வடம் பிடிக்கிறோமே, நுனியில் இரண்டு விரல் பட்டாலும் தேர் இழுத்த நிறைவு வருகிறதே, அந்த நிறைவு அங்கே அன்று வந்திருக்கும்.

இது புராணமில்லை. அந்தத் தூரிகையும் இருக்கிறது, அந்தக் கயிறும் இருக்கிறது! புத்தர் மண்டபத்துக்குப் பின்னால் ஷோசோயின் என்றொரு மரக் களஞ்சியம் உண்டு. ஷோமு மறைந்து 49-ஆம் நாள், 756-இல், பேரரசி கோம்யோ கணவரின் பொருள்களைக் கோயிலுக்குக் கொடுத்தார். பார்க்கும்போதெல்லாம் துயரம் பெருகுகிறது என்று பட்டியலின் இறுதியில் எழுதிக் கொடுத்தார். அவற்றுக்கும், பின்னால் சேர்ந்தவற்றுக்கும் நெடுங்காலம் வீடாக இருந்தது அது. இன்று ஏறத்தாழ 9,000 பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து நரம்பு வீணை ஒன்று, அந்த வகையில் உலகில் தப்பிய ஒரே பழைய கருவி. ஒட்டகத்தின் மேல் அமர்ந்து வீணை வாசிக்கும் மனிதனைச் சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். மண்ணில் புதையாமல், கடலில் மூழ்காமல், கை மாற்றிக் கை மாற்றிப் பாதுகாத்த பொருள்கள் இவை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் முத்திரையை உடைத்துத் திறந்து, ஒவ்வொன்றையும் பார்த்து, மறுபடி மூடி முத்திரை வைக்கிறார்கள். 1946-இலிருந்து அந்தச் சமயத்தில் சிலவற்றை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் மக்களுக்குக் காட்டுகிறார்கள்.

அந்தத் தூரிகையின் கதை இன்னும் முடியவில்லை. 1180 தீயில் புத்தர் மண்டபமும் எரிந்தது, புத்தரின் தலை உருகி விழுந்தது. மறுபடி எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் சோகென். அப்போது அவருக்கு வயது 61. ஓய்வெடுக்கும் வயதில் நன்கொடைத் தட்டோடு நாடெங்கும் புறப்பட்டார். மேற்கே சுவோ நாட்டு மலைகளில் மரம் வெட்டி ஆற்றிலும் கடலிலும் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார். 1185-இல் மறுபடி கண் திறப்பு. துறவு பூண்டிருந்த பேரரசர் கோ-ஷிரகாவா சாரத்தில் ஏறினார். கையில் எந்தத் தூரிகை? போதிசேனர் பிடித்த அதே தூரிகை!

அதோடு முடிந்ததா? 1567-இல் மறுபடி போர், மறுபடி தீ. தற்காலிகமாகப் போட்ட கூரையையும் 1610-இல் புயல் சாய்த்தது. அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டு புத்தர் மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் அமர்ந்திருந்தார். கோகெய் என்னும் துறவி சிறுவனாக இருந்தபோது மழையில் நனையும் புத்தரைப் பார்த்து உருகினார் என்பார்கள். 1684-இல் நன்கொடை கேட்கத் தொடங்கினார். 1692-இல் சிலை சீராகி மறுபடியும் கண் திறந்தது. கூரை வேண்டுமே! உத்தரத்துக்கு ஏற்ற இரண்டு பெரும் பைன் மரங்களைத் தெற்கே கிரிஷிமா மலையில் கண்டுபிடித்துக் கடல் வழியே கொண்டுவந்தார்கள். 1705-இல் கோகெய் இறந்தார். மண்டபம் முடிந்தது 1709-இல். அவரும் பார்க்கவில்லை. நாம் இன்று நிற்பது அந்த மண்டபத்தில். பழைய மண்டபத்தைவிட அகலம் குறைவு; பணம் அவ்வளவுதான் சேர்ந்தது. குறைந்தாலும் பரவாயில்லை, கட்டுவோம் என்று கட்டினார்கள். அந்த முடிவை நான் வணங்குகிறேன்.

பசி எடுத்துவிட்டது. மதிய உணவு சீமைப் பனிச்சை இலையில் பொதிந்த சோறு. நாம் ஜப்பான் பழம் என்று கடையில் வாங்குகிறோமே, அந்த மரத்து இலை. உப்பிட்ட கானாங்கெளுத்தித் துண்டைப் புளிப்பேற்றிய சோற்றின் மேல் வைத்து, இலையால் மூடி, அழுத்தி வைப்பார்கள். நாராவுக்குக் கடல் இல்லை. தொலைவிலிருந்து மலை கடந்து வந்த மீனைக் கெடாமல் காக்கக் கண்ட வழி அது. இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும்.

காசுகா கோயிலை விரைந்து கடப்போம். 768-இல் தோன்றிய ஷின்தோ கோயில், வழியெங்கும் பாசி பிடித்த கல் விளக்குகள், உள்ளே தொங்கும் வெண்கல விளக்குகள், எல்லாம் சேர்த்து மூவாயிரம். அந்தக் காலத்துப் பிரபுவும் வணிகனும் தந்தவை. பின்னால் இருக்கும் மலையில் 841-இலிருந்து மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. அதனால் நகரத்தின் ஓரத்தில் இன்றும் அசல் காடு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அறுபதாவது முறை 2015, 2016-இல் நடந்தது.

பிற்பகலில் நாராமாச்சி. கோயில் நிலத்தில் வளர்ந்த வணிகர் தெருக்கள். வாசல் குறுகல், உள்ளே போகப்போக நீளம். மரச் சட்டங்களால் ஆன சன்னல். உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு வீடு தெரியாது. தாழ்வாரத்தில் சிவப்புத் துணிக் குரங்குப் பொம்மைகள் தொங்கும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. வரும் துன்பத்தை அந்தக் குரங்கு வாங்கிக்கொள்ளுமாம்.

அந்தத் தெருக்களுக்கு நடுவே காங்கோஜி கோயில். அதன் கூரையை நிமிர்ந்து பாருங்கள். ஓடுகள் ஒரே நிறத்தில் இல்லை. சில செம்மண், சில சாம்பல், சில கறுப்பு. அவற்றில் சில, 588-இல் கொரியாவின் பேக்ஜே நாட்டிலிருந்து வந்த ஓட்டுத் தொழிலாளர்கள் சொல்லிக்கொடுத்த முறையில் சுட்டவை. அசுகா என்னும் ஊரில் இருந்த கோயிலை 718-இல் நாராவுக்கு மாற்றியபோது ஓட்டையும் எடுத்து வந்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டாக மழை அந்த ஓட்டின் மேல் விழுகிறது, கோயில் நனைவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டியதைக் கூரையில் வைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

இன்னொரு கையையும் உங்களுக்குக் காட்டவேண்டும். கறுத்த கை. மை செய்யும் கை. ஜப்பானில் தூரிகை எழுத்துக்குப் பயன்படும் மைக்கட்டியில் பெரும்பங்கு நாராவில்தான் ஆகிறது. 1577-இல் தொடங்கிய பட்டறை ஒன்று இன்றும் நடக்கிறது. இருண்ட அறை, வரிசையாக மண் அகல், தாவர எண்ணெய், நாணல் திரி. சுடருக்கு மேலே மண் மூடி. கரி ஒரே இடத்தில் அப்பாமல் இருக்கச் சற்று நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மூடியையும் திருப்பிவிட வேண்டும். அப்படிச் சேர்ந்த கரியை விலங்குப் பசையில் குழைத்து, காலால் மிதித்து, கையால் பிசைந்து, மர அச்சில் அழுத்துவார்கள். பசை கெடும் என்பதால் வெயில் காலத்தில் இந்த வேலை ஆகாது, குளிர்காலத்தில் மட்டும். உடனே காயவைத்தால் வெடிக்கும். ஈரச் சாம்பலில் புதைத்து, மறுநாள் சற்றே உலர்ந்த சாம்பலுக்கு மாற்றி, அடுத்த நாள் அதைவிட உலர்ந்த சாம்பலுக்கு மாற்றி, பிறகு வைக்கோலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குளிர்காலத்தில் போனால் வெதுவெதுப்பான மை உருண்டையை நம் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். விரல் பதிந்த மைக்கட்டி நமக்கு. என் மேசையில் இருக்கிறது. அதை உரைத்து எழுத இன்னும் மனம் வரவில்லை.

பொழுது சாயும்போது மேட்டில் ஏறுவோம். நிகட்சுதோ. தோடாய்ஜியின் மலைச்சரிவு மண்டபம். அதன் மாடத்தில் நின்றால் நாரா சமவெளி முழுவதும் தெரியும். எதிரே இகோமா மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். மார்ச் முதல் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை இங்கே ஒரு நோன்பு நடக்கிறது. பதினொரு துறவிகள், உலகத்தார் எல்லோருடைய பிழைகளையும் தம் பிழையாக ஏற்று மன்னிப்புக் கேட்கிறார்கள். இரவில் அவர்களுடைய உதவியாளர்கள் நீண்ட மூங்கில் தீப்பந்தங்களை மாடத்தில் ஏந்தி ஓடுகிறார்கள். பொறி கொட்டும், கீழே நிற்கும் கூட்டம் தலையில் வாங்கிக்கொள்ளும். இது தொடங்கியது புத்தர் கண் திறந்த அதே 752-இல். ஒரு வருடம்கூட விட்டதில்லை. 1180-இல் கோயில் எரிந்தது, நோன்பு நின்றதா? நிற்கவில்லை. 1667-இல் நோன்பின்போதே இந்த மண்டபம் எரிந்தது, நின்றதா? பக்கத்து மண்டபத்துக்குப் போய் முடித்தார்கள். கொரோனா உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தது, அப்போதாவது நின்றதா? துறவிகள் முன்கூட்டியே தனிமையில் இருந்துவிட்டு வந்து செய்தார்கள். 2025-இல் நடந்தது 1,274-ஆம் முறை.

அந்த நோன்பில் இரண்டு இரவுகள் ஒரு பெயர்ப் பட்டியலைப் படிப்பார்கள். கோயிலுக்கு உழைத்தவர்கள், கொடுத்தவர்கள், மறைந்தவர்கள். பேரரசர் ஷோமுவில் தொடங்கும். கியோகி வருவார். சோகென் வருவார். படைத்தலைவர் யொரிதோமோ வருவார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓர் இரவு, ஷூகெய் என்னும் துறவி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது நீல உடை உடுத்த ஒரு பெண் அவர் முன் தோன்றினாளாம். என் பெயரை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டாளாம். அவருக்கு அவள் பெயர் தெரியாது. என்ன செய்வார்? தாழ்ந்த குரலில் ‘நீல உடைப் பெண்’ என்று படித்தார். அவள் மறைந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை, அந்தப் பட்டியலில், அந்த இடம் வரும்போது, குரலைத் தாழ்த்தி நீல உடைப் பெண் என்று படிக்கிறார்கள்.

யார் அவள்? செம்பு கொடுத்தவளா? அரிசி சமைத்துப் போட்டவளா? உப்பு மூட்டையோடு வந்தவனின் மனைவியா? என்னைக் கேட்டால், புகைக்குள்ளிருந்து அசுரனைத் தூக்கிவந்த துறவிக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரே குலம். பெயரில்லாதவளுக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கி, எண்ணூறு ஆண்டாகப் படித்துவருகிறார்களே, அதற்காகவே அந்த ஊரை நான் நேசிக்கிறேன்.

இளைஞர்களே, உங்களில் யாராவது படிக்கவோ வேலைக்கோ ஜப்பான் போனால், நாராவுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். பந்தம் பார்க்க மார்ச் முதல் இரண்டு வாரம். ஷோசோயின் பொருள்களைப் பார்க்க அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும். நகரத்தின் மேற்கே ரியோசென்ஜி என்றொரு கோயில் இருக்கிறது. அங்கே போதிசேனருக்கு நினைவுத் தூண் உண்டு. கூட்டம் அதிகம் வராத இடம். நம் பக்கத்திலிருந்து ஒருவர் போய்க் கை கூப்பிவிட்டு வாருங்கள்.